திருடர்களுக்கு ராஜா!

காது கூர். தலை கூர். பார்வை அதைவிடக் கூர்!

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு. கையிலே ஒரு விசித்திரத் துப்பாக்கி. விசையை அழுத்தினால் அதிலிருந்து குண்டு வராது, வலை வரும்! பிசின் போல ஒட்டும் இழை பாய்ந்து சென்று எதிரியைச் சுற்றிக் கட்டிப்போடும். அதே இழையைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி தாவுவான் அவன்.

அவன் பெயர் ஸ்பைடர். ஆங்கிலத்தில் ஸ்பைடர் என்றால் சிலந்தி.

அவன் செய்த தொழில் திருட்டு. ஆனால், பூட்டை உடைத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடும் திருடன் என்று அவனை நினைத்துவிடக் கூடாது. உலகத்திலே உள்ள திருடர்கள் அத்தனை பேருக்கும் தானே ராஜா ஆக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டவன் அவன்!

இந்த ராஜா பிறந்தது 1965ஆம் ஆண்டு ஜூன் மாதம். பிறந்த இடம் இங்கிலாந்து. 'லயன்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையின் பக்கங்களிலே பிறந்தான். 1969 ஏப்ரலில் அங்கே அவன் கதை முடிந்தது. நான்கு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. பிறகு இங்கிலாந்து அவனைக் கிட்டத்தட்ட மறந்தே போயிற்று.

தமிழ்நாடு மறக்கவில்லை!

1980களிலே புதுக்கோட்டைச் சீமையில் பள்ளிக்கூடம் போன ஒருவரை இன்று கீழராஜ வீதியில் நிறுத்தி, "ஸ்பைடர் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஸ்பைடர்? சினிமாவிலே வருகிறானே, அவனா? நம்ம கூர்மண்டையனா?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார்.

கூர்மண்டையன்! தமிழ் வாசகர்கள் அவனுக்குச் சூட்டிய செல்லப் பெயர் அது. திருடன் ஒருவனுக்குச் செல்லப் பெயர் எப்படிக் கிடைத்தது? பிள்ளைகள் திருடனை நேசிக்கலாமா? இந்தக் கேள்வி பல வீடுகளிலே எழுந்த கேள்வி. இன்றும் எழுகிற கேள்வி.

இரண்டு சிலந்திகள்

முதலிலே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

சினிமாவிலே சிவப்பும் நீலமும் கலந்த உடை அணிந்து தாவுகிறானே, அவன் ஸ்பைடர்மேன். அமெரிக்காக்காரன். 1962இல் பிறந்தவன். சிலந்தி கடித்ததால் அவனுக்குச் சக்தி வந்தது. ஆரம்பத்திலிருந்தே நல்லவன்.

நம்முடைய ஸ்பைடரை எந்தச் சிலந்தியும் கடிக்கவில்லை. அவனுக்குத் தெய்வ சக்தியும் கிடையாது. அவனுடைய பலம் எல்லாம் மூளையும், கருவிகளும்தான். வலை வீசும் துப்பாக்கி ஒன்று. ஆளை மயக்கும் வாயுத் துப்பாக்கி மற்றொன்று. வானத்திலே பறக்கும் கார் ஒன்றும் உண்டு.

அவனுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் புரொபசர் பெல்ஹாம். விஞ்ஞானி, ஆனால் கோணல் புத்திக்காரர். மற்றவன் ராய் ஆர்டினி. எந்த இரும்புப் பெட்டியையும் திறந்துவிடும் கைகாரன். விஞ்ஞானி கருவி செய்து கொடுப்பார். ஆர்டினி பூட்டைத் திறப்பான். ஸ்பைடர் உத்தரவு போடுவான்.

கொள்ளை நடப்பது நியூயார்க் நகரத்திலே. அவனைப் பிடிக்க அலைகிறவர்கள் கில்மோர், டிராஸ்க் என்ற இரண்டு துப்பறியும் அதிகாரிகள். இவர்கள் வலை விரிப்பார்கள். அவன் தன் வலையைப் பிடித்துத் தப்பி விடுவான்!

இந்தக் கதையை முதலில் எழுதியவர் டெட் கோவன். படம் வரைந்தவர் ரெக் பன். ரெக் பன்னின் படங்களைப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். வண்ணமே கிடையாது. வெறும் கறுப்பு மைதான். மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுப் போட்டே இருட்டையும், நிழலையும், மேகத்தையும் கொண்டு வந்துவிடுவார். படம் முழுவதும் ஒரு சிலந்தி வலை போலவே இருக்கும்.

ஒரு திருடன், ஓர் அடையாளம்

சித்திரக்கதைக் கெட்டவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஒவ்வொருவனுக்கும் ஓர் அடையாளம் இருக்கும். அவன் பெயர், அவன் உடை, அவன் ஆயுதம், அவன் செய்யும் குற்றம் எல்லாம் அந்த ஓர் அடையாளத்தையே சுற்றி வரும்.

ஸ்பைடருக்குச் சிலந்தி. அவனோடு மோதிய இன்னொரு கெட்டவன் 'கண்ணாடி மனிதன்'. இல்லாததை இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவது அவன் வித்தை. வேறொரு கதையிலே வருவது பூதம். குற்றம் செய்வதற்கென்றே கிளம்பிய பூதம் அது. மற்றொருவன் இயந்திர மனிதர்களைச் செய்து ஏவிவிடுகிறவன்.

இப்படி அடையாளம் கொடுப்பதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் கதை; ஒரு வாரத்துக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம்தான். பையன் அடுத்த வாரம் பத்திரிகையைத் திறக்கும்போது யார் யார் என்று ஒரே பார்வையிலே தெரிய வேண்டும். பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே படம் பேசிவிட வேண்டும். கூர்க் காதைப் பார்த்ததும், "ஸ்பைடர் வந்துவிட்டான்!" என்று மனசு சொல்லிவிடும்.

நமது தெருக்கூத்திலே ராவணன் எப்படி வருகிறான்? பெரிய கிரீடம், முறுக்கிய மீசை, சிவந்த முகம். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரிந்துவிடும். அதே வித்தைதான் இது.

திருடனுக்குத் தனி வித்தைகள் உண்டு என்ற எண்ணமும் நமக்குப் புதியது அல்ல. சிலப்பதிகாரத்திலே கொலைக்களக் காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோவலனைப் பார்த்த காவலர்கள், "இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே" என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் ஒரு பிரசங்கமே செய்கிறான். திருடர்களுக்குத் துணையாக எட்டு உண்டாம். மந்திரம், தெய்வத்தின் துணை, மயக்கும் மருந்து, சகுனம், சூழ்ச்சி, ஏற்ற இடம், ஏற்ற நேரம், கருவி என்று அடுக்கிக்கொண்டே போகிறான். மந்திரம் தெரிந்த கள்வன் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுவான் என்றும் பயமுறுத்துகிறான்.

மாயமாக மறையும் கள்வன், மயக்க மருந்து, விதவிதமான கருவி! சித்திரக்கதைக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அந்தக் காப்பியத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். இவ்வளவும் சொன்ன பொற்கொல்லன்தான் அரசியின் சிலம்பைத் திருடியவன்! கோவலன் குற்றமற்றவன். திருட்டைப் பற்றி நீட்டி முழக்கியவனே திருடன் என்று இளங்கோவடிகள் காட்டிவிட்டார்.

எத்தனுக்கு எத்தன்

ஸ்பைடர் தமிழ் பேச ஆரம்பித்தது சிவகாசியிலே.

பட்டாசுக்கும் காலண்டருக்கும் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்து 1972இல் 'முத்து காமிக்ஸ்' தொடங்கியது. தொடங்கியவர் மு. சௌந்திரபாண்டியன். 1984இல் அவருடைய மகன் எஸ். விஜயன் 'லயன் காமிக்'ஸைத் தொடங்கினார். அப்போது அவர் பதின்வயது வாலிபர்! தொடக்கக் காலத்திலேயே ஸ்பைடரை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கில வசனம் இருந்த இடத்திலே தமிழ் வசனம் ஏறியது. 'எத்தனுக்கு எத்தன்', 'டாக்டர் டக்கர்', 'பாட்டில் பூதம்', 'கொலைப்படை' என்று கதைகள் வரிசையாக வந்தன.

'எத்தனுக்கு எத்தன்' என்ற பெயர் மிகப் பொருத்தமான பெயர். ஸ்பைடரின் முழு வாழ்க்கையும் அந்த இரண்டு சொல்லிலே அடங்கிவிடுகிறது.

எப்படி?

திருடர்களுக்கு ராஜா ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. ராஜா என்றால் ஒருவன்தான் இருக்க முடியும். ஒரு காட்டிலே இரண்டு சிங்கம் தங்குமா? ஆகவே, வேறொரு பெரிய திருடன் தலை தூக்கினால் ஸ்பைடருக்குப் பொறுக்காது. "என்னை மிஞ்ச ஒருவனா?" என்று கிளம்பிவிடுவான். போலீசார் பிடிக்க முடியாதவனை அவன் பிடித்துவிடுவான். நாட்டுக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. வீம்புதான்! ஆனால் அந்த வீம்பினாலே நாட்டுக்கு நன்மை விளைந்தது.

இப்படியே ஒவ்வொரு கெட்டவனாக அவன் முறியடித்தான். கடைசியிலே அவனுக்குத் திருட்டே சலித்துப் போயிற்று. கெட்டவர்களை எதிர்ப்பதையே தன் தொழிலாக வைத்துக்கொண்டான். 'நீதிக்காவலன் ஸ்பைடர்' என்று தமிழிலே ஒரு புத்தகமே வந்தது. திருடர்களுக்கு ராஜா ஆகப் புறப்பட்டவன், திருடர்களுக்கு எமனாக வந்து நின்றான்!

அவன் திருந்தியபோதும் தலைக்கனம் மட்டும் போகவில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வான். கூட்டாளிகளை அதட்டுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தத் தலைக்கனம்தான் அவனை மறக்க முடியாதவன் ஆக்கியது.

சூப்பர்மேனின் தந்தை

ஸ்பைடரை இப்படி மாற்றிய பேனா யாருடையது?

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிறுவர் பத்திரிகைகளிலே எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. படித்த பையன்களுக்கு அது தெரியாது. பிற்காலத்திலே உண்மை தெரிந்தபோது பலர் வியந்தார்கள். டெட் கோவனுக்குப் பிறகு ஸ்பைடர் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்!

அவருடைய கதை, ஸ்பைடர் கதையைவிட உருக்கமானது.

சீகலும் அவருடைய சிநேகிதர் ஜோ ஷூஸ்டரும் அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரத்துப் பையன்கள். இருவரும் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தார்கள். 1938இல் அது அச்சேறியது. உரிமைக்காக அவர்களுக்குக் கிடைத்தது 130 டாலர். இரண்டு பேருக்கும் சேர்த்து!

சூப்பர்மேன் உலகமெல்லாம் பறந்தான். கோடி கோடியாகப் பணம் கொட்டியது. படைத்தவர்களோ உரிமை கேட்டுக் கோர்ட்டு வாசலிலே நின்றார்கள். 1975 கடைசியிலேதான் ஒரு வழி பிறந்தது. ஆளுக்கு வருடத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகை தருவதென்றும், கதையில் அவர்கள் பெயரைப் போடுவதென்றும் முடிவாயிற்று.

உலகத்திலேயே மிக நல்ல வீரனைப் படைத்தவர், நடு வயதிலே, பெயர்கூட அச்சாகாத ஓர் இங்கிலாந்துப் பத்திரிகைக்குத் திருடன் கதை எழுதினார். அந்தத் திருடனையும் அவர் கெட்டவனாகவே விட்டுவிடவில்லை. நல்ல வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இரும்புக்கையும் திருடிய கைதான்

ஸ்பைடருக்கு முன்னாலேயே தமிழ்ப் பிள்ளைகளின் மனசைக் கவர்ந்தவன் ஒருவன் உண்டு. அவன் இரும்புக்கை மாயாவி! 1972இல் முத்து காமிக்ஸ் அவனோடுதான் தொடங்கியது.

மாயாவியின் உண்மைப் பெயர் லூயி கிராண்டல். ஆராய்ச்சிக்கூடத்திலே உதவியாளன். ஒரு விபத்திலே வலது கை போய்விட்டது. அதற்குப் பதில் இரும்புக்கை பொருத்தினார்கள். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுவதும் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்திலே மிதந்து வரும்!

இங்கிலாந்திலே 1962இல் வெளிவந்த முதல் கதையிலே இந்தக் கிராண்டல் என்ன செய்தான் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாமல் போனதும் புத்தி தடுமாறிக் கொள்ளை அடித்தான். ஊரையே நடுங்க வைத்தான். பிற்பாடு திருந்தி, இரகசியப் படையிலே சேர்ந்து நாட்டுக்கு உழைத்தான்.

ஆக, தமிழ்ப் பிள்ளைகள் தலையிலே தூக்கி வைத்துக் கொண்டாடிய மாயாவியும் ஸ்பைடரும் கதையைத் தொடங்கியது திருட்டிலே!

இதிலே ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இராமாயணம் தந்த வால்மீகி முன்பு வழிப்பறி செய்தவர் என்று பாட்டிகள் கதை சொல்லி வந்த நாடு இது. திருமங்கை ஆழ்வார் வழிப்பறி செய்து அடியார்களுக்கு அன்னமிட்டார் என்றும், கடைசியிலே பெருமாளையே மறித்தார் என்றும் சொல்லுகிறார்கள். அந்தத் திருமங்கை மன்னனின் பாசுரங்கள் இன்றும் கோயில்களிலே ஒலிக்கின்றன. தவறிய மனிதன் திருந்தினால் அவனை ஏற்றுக்கொள்வது நம்முடைய பழக்கம். அந்தப் பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பைடர் அந்நியனாகத் தெரியவில்லை.

பெற்றோர் பயம்

"இந்தப் புத்தகத்தைப் படித்தால் பிள்ளை கெட்டுப் போவான்!"

எத்தனை வீட்டிலே இந்தக் குரல் கேட்டிருக்கும்! கணக்குப் புத்தகத்துக்குள்ளே காமிக்ஸ் ஒளிந்திருக்கும். அப்பா காலடிச் சத்தம் கேட்டதும் கணக்கு மேலே வரும். ஸ்பைடர் உள்ளே போவான்.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவிலே பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக ஆக்குகின்றன என்று 1954இல் ஒரு புத்தகமே எழுதினார். அதே வருடம் செனட் சபை அங்கத்தினர்கள் நியூயார்க்கிலே விசாரணை நடத்தினார்கள். பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். எந்தக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். குற்றவாளி தண்டனை அடைய வேண்டும் என்பது அதிலே முக்கியமான விதி. இங்கிலாந்திலோ 1955இல் பாராளுமன்றமே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பயங்கரச் சித்திரக்கதைகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம்.

அந்தச் சட்டம் வந்து பத்தே வருடத்தில் அதே இங்கிலாந்திலே ஸ்பைடர் பிறந்தான். திருடனைக் கதாநாயகனாக வைத்தார்கள். ஆனால் திருட்டிலேயே அவனை வாழ வைக்கவில்லை.

பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. பிள்ளை என்ன படிக்கிறான் என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. இரத்தமும் வக்கிரமும் நிறைந்த புத்தகம் பிள்ளை கைக்கு வரக் கூடாது. ஆனால், திருடன் வருகிற கதை எல்லாமே கெட்ட கதை என்று சொன்னால் அலிபாபாவையும் அடைக்க வேண்டும். ராவணன் வருவதால் இராமாயணத்தையும் அடைக்க வேண்டும். திருடன் கதையில் வருகிறானா என்று பார்ப்பதைவிட, கதை முடியும்போது திருட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது.

படம் சொல்லிக் கொடுத்த எழுத்து

புதுக்கோட்டை, படத்துக்குப் பழகிய மண். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் கூரையிலே ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. மீன், யானை, பறவை, பூப் பறிக்கும் துறவிகள் எல்லாம் அதிலே உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் படம் பார்ப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை.

பிள்ளைகளுக்கான எழுத்திலும் இந்த மாவட்டத்துக்குத் தனிப் பெயர் உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்திலே பிறந்தவர். பாங்கியிலே வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காகப் பாட்டும் கதையும் எழுதிக் குவித்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்நின்றார். 1940களிலும் 1950களிலும் புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் பத்திரிகைகள் பல வெளிவந்தன.

பிறகு வந்தது அறிவொளி இயக்கம். 1991, 1992 ஆண்டுகளிலே புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் ஒரே எழுத்து முழக்கம்! வயலிலே வேலை செய்த பெண்களும், கல் உடைத்த பெண்களும் மாலையிலே விளக்கடியில் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டினார்கள். மாவட்டக் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அந்த இயக்கத்துக்குத் துணை நின்றார். படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறி வந்ததைப் பார்த்து நாடே திரும்பிப் பார்த்தது.

எழுத்துக் கற்ற ஒவ்வொருவருக்கும் அடுத்து ஒரு சோதனை வரும். அட்டையிலே உள்ள எழுத்துத் தெரிந்துவிட்டது. இனி எதைப் படிப்பது? பெரிய புத்தகத்தைத் திறந்தால் எறும்பு ஊர்வது போல எழுத்து. இரண்டு வரி படிப்பதற்குள் கண் வலிக்கும். புத்தகத்தை மூடிவிட்டால் கற்ற எழுத்தும் மெல்ல மெல்ல மறந்துபோகும்.

இந்த இடத்திலேதான் சித்திரக்கதை கை கொடுக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு வசனம், இரண்டு வசனம். ஒரு சொல் புரியாவிட்டால் படம் சொல்லிவிடும். கதவு வெடித்துச் சிதறும் படத்தின் மேலே கொட்டை எழுத்திலே "டமால்!" என்று இருந்தால், அந்த மூன்று எழுத்தை யாருக்குத்தான் படிக்கத் தெரியாது? படித்தவனுக்கு ஒரு சந்தோஷம். அடுத்த படத்துக்குக் கண் தானாகப் போகும். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்ற ஆசையைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

வகுப்பிலே வாசிக்கத் திணறிய எத்தனையோ பையன்கள் ஸ்பைடர் கதையை மட்டும் கடகடவென்று வாசித்தார்கள். ஒருவன் புத்தகம் வாங்குவான். பத்துப் பேர் படிப்பார்கள். அட்டை கிழிந்து, நடுப்பக்கம் பறந்து, கடைசிப் பக்கம் காணாமல் போகும்வரை அது கை மாறும். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு ஆளுக்கு ஒரு முடிவு சொல்லிச் சண்டை போட்ட கூட்டமும் உண்டு!

தராசுத் தட்டிலே ராஜா

போலீசாராலே பிடிக்க முடியாத ஸ்பைடரைப் பிடித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பழைய பேப்பர்காரர்!

பையன் பெரியவன் ஆகி வேலைக்குப் போனதும், அட்டைப் பெட்டியிலிருந்த காமிக்ஸ் எல்லாம் பரணுக்குப் போயின. வெள்ளை அடிக்கும் நாளிலே பரணிலிருந்து இறங்கித் தராசிலே ஏறின. கிலோ கணக்கிலே ராஜாவும் போனான், மாயாவியும் போனான். கடலை மடிக்கும் காகிதமாகவும் ஆனார்கள்.

இன்றைக்கு அந்தப் பழைய இதழ்களைத் தேடி அலைகிறவர்கள் பலர். அன்று சில ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்துக்கு எத்தனையோ மடங்கு விலை கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். பணம் இருந்தாலும் புத்தகம் கிடைப்பது இல்லை.

பழைய தாளின் அருமை தெரிந்த ஊர் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்திலே 'ஞானாலயா' என்ற ஆய்வு நூலகம் இருக்கிறது. ஆசிரியத் தொழில் செய்த பா. கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய துணைவியார் டோரதியும் தங்கள் சொந்த முயற்சியிலே உருவாக்கிய நூலகம் அது. இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் அங்கே சேர்ந்தன. முதல் பதிப்புகளும், நின்றுபோன பத்திரிகைகளும் அவற்றிலே ஏராளம். மற்றவர்கள் குப்பை என்று தள்ளியவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்ததால்தான் இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் வெளியூர்களிலிருந்தும் அங்கே வருகிறார்கள்.

இங்கிலாந்திலும் பிற்பாடு விழிப்பு வந்தது. 2005இல் ஸ்பைடரின் பழைய கதைகளைச் சேர்த்துக் கெட்டி அட்டைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 2018இல் அந்தப் பழைய பாத்திரங்களின் உரிமையை 'ரெபெலியன்' என்ற நிறுவனம் வாங்கியது. பிறந்த வீடு மறந்த பிள்ளையைத் தேட ஆரம்பித்தது. அவன் தூரத்து ஊரிலே, தமிழ் பேசிக்கொண்டு, செல்லப் பெயரோடு சௌக்கியமாக இருந்தான்!

வீட்டுக்கு ஒரு யோசனை

இன்று பிள்ளைகளின் கையிலே செல்போன் இருக்கிறது. அதிலே ஓடும் படத்துக்கு எழுத்தே தேவை இல்லை. விரலைத் தள்ளினால் போதும். படம் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு பெற்றோர், "கதைப் புத்தகத்தைக் கீழே வை!" என்று சத்தம் போட்டார்கள். இப்போது பல வீடுகளிலே, "ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்துப் படியேன்!" என்று கெஞ்சுகிறார்கள்.

கெஞ்சவும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். விடுமுறை நாளிலே ஒரு சித்திரக்கதையை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு திண்ணையிலே உட்காருங்கள். ஒரு படத்துக்கு நீங்கள் வாசியுங்கள். அடுத்த படத்துக்கு அவன் வாசிக்கட்டும். புதிதாக எழுத்துக் கற்ற பாட்டி இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "டமால்!" எல்லாம் பாட்டிக்கே விட்டுவிடலாம்!

கதை முடிந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இத்தனை கெட்டிக்காரன், இவ்வளவு கருவி வைத்திருந்தவன், ஏன் திருட்டை விட்டான்?"

பிள்ளை யோசிப்பான். சரியான பதிலாக இருக்கலாம். தப்பான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் அவன் பதில் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். நல்லது எது, கெட்டது எது என்று அவன் தானாகவே எடைபோட ஆரம்பித்திருப்பான்.